ஆதாரம்: மல்லிகா

மேல் டிவிசன்,
தெரணியகலை.
12.01.2025

அன்புள்ள தம்பி ரெஜினோல்டுக்கு,

மரியே வாழ்க. அப்பாவுக்கு இழுப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இருமல்தான் விடல. எனக்கும் என் பயலுக்கும் ஒரு குறையும் இல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? சாப்பிடு. தெம்பா இருந்தாத்தான் நான் ஏசுறதைத் தாங்குவே.

போன் எடுத்தா ரெண்டாவது வார்த்தைக்கே "அக்கா, சிக்னல் கட்டாகுது"ன்னு வச்சிடுற. கடிதத்தை எப்படி வைக்கிறேன்னு பார்க்கிறேன்.

நீ கெம்பஸ்ல நம்ம தோட்டத்துத் தண்ணியைப் பத்திக் கட்டுரை எழுதினியாம். நல்லா இருக்குன்னு அவங்க புத்தகத்துல போட்டாங்களாம். அதை நீ பேஸ்புக்ல வேற போட்டு, "என் மண், என் மக்கள்"னு எழுதி, கையைக் கட்டிக்கிட்டு ஒரு போட்டோவும் போட்டிருக்க. உன் மக்கள்ல பெரிய கிளாக்கரும் ஒருத்தருடா! பார்த்தாரு, பிரிண்ட் எடுத்தாரு, கொண்டுபோய் தோட்டத்துத் தொரை மேசையில வச்சாரு.

அதுல நம்ம லயத்துல பக்கத்துக் காம்பிராவுல இருக்கற மல்லிகா பேரு இருக்காம். ஸ்டோர்ல ரப்பர் பால் கழுவுற தண்ணியை ஆத்துல விடுறாங்க, பிள்ளைகளுக்குச் சொறி வருதுன்னு அவ சொன்னதா பேரு, டிவிசன், தேதியெல்லாம் போட்டிருக்கியாம். திங்கக்கிழமை காலையில பிரட்டுக்களத்துல பேர் கூப்பிட்டு, பால் வெட்ட எல்லாருக்கும் மரம் பிரிச்சுக் கொடுத்தாங்க. அவ பேரை மட்டும் கூப்பிடல. "நீதான் கெம்பஸுக்கே பாடம் சொல்றியே, உனக்கு எதுக்குப் பால்வெட்டு?"ன்னு இருளப்பன் கங்காணி சிரிச்சான். என்னை மாதிரி பேர் பதிஞ்ச ஆளா இருந்தா காரணம் எழுதிக் கொடுக்கணும், சங்கத்துக்குப் பதில் சொல்லணும். அவ பேர் பதியாத கைக்காசு ஆள், அன்னன்னிக்குக் கூப்பிட்டாத்தான் வேலை. கூப்பிடாம விட்டாலே முடிஞ்சுது. அவ இருக்கறது செத்துப்போன புருசன் பேர்ல தோட்டம் கொடுத்த காம்பிரா. வேலை இல்லன்னா நாளைக்கு அதையும் கேப்பாங்க.

இதைப் படிச்ச கையோட அவ பேரை எடுக்கச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.

கோபம் ஆறாத அக்கா,
திரேசா


பல்கலைக்கழக விடுதி,
22.01.2025

அன்பின் அக்காவுக்கு,

கர்த்தரின் கிருபையால் நலமாயிருக்கிறேன். அப்பாவின் சுகத்துக்காக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன்.

மல்லிகா அக்காவை வேலைக்குக் கூப்பிடவில்லை(1) என்று அறிந்து வருந்துகிறேன். ஆனால் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கே நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். புத்தகமென்றால் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம். வாய்ச்சொல்லென்றால் சொன்னவர் பெயர், இடம், திகதி. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் எங்கள் மெடம் சிவப்பு மையால் வட்டம் போடுவார். முதல் தடவை என் கட்டுரையை ஆதாரம் சரியில்லை என்றுதான் திருப்பித் தந்தார். ஒழுங்காகக் குறிப்பிட்ட பிறகுதான் நூலில் சேர்த்தார்கள்.

பெயரை எடுத்தால் நானே கற்பனை செய்து எழுதியதாக ஆகிவிடும். அது பெரிய குற்றம். நீங்கள் கோபப்படாமல் யோசியுங்கள். தோட்டத்துப் பிரச்சினை வெளியே வருவது நல்லதுதானே?

அன்புடன் தம்பி,
ரெஜினோல்ட்

(1) திரேசா, தனிப்பட்ட கடிதம், 12 ஜனவரி 2025.


மேல் டிவிசன்,
29.01.2025

ரெஜிக்கு,

சுகம்தான். அப்பாவும் சுகம். உன் கடிதத்தை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். "பய நல்லாத் தமிழ் எழுதுறான்"னு சந்தோசப்பட்டாரு. நான் அவருக்கு ஒண்ணும் விளக்கல.

டேய், கடிதத்துக்கு அடியில கோடு போட்டு என் பேரைப் போட்டிருக்கியே, உனக்குக் கிறுக்கா? நான் எழுதினதுக்கு எனக்கே சாட்சி வைக்கிறியா? காதைத் திருகலாம்னா கை அவ்வளவு தூரம் எட்டலியே!

வெளிய வர்றது நல்லதாம். யாரு வெளிய வந்தது? மல்லிகாதான் வேலையை விட்டு வெளிய வந்தா. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்துற.

உன் கடிதம் வந்த அன்னிக்கு நான் நேரா அவ வாசலுக்குப் போயிட்டேன். "ஏண்டி, அவன் ஒரு எழுத்துப் பைத்தியம்னு தெரியாதா? அவன்கிட்ட ஏன் வாயைத் தொறந்தே?"ன்னு கத்தினேன். லயமே எட்டிப் பார்த்துச்சு. அவ என்ன சொன்னா தெரியுமா? "நான் ஒரு வார்த்தை சொல்லல திரேசா. லீவுல வந்தப்போ சுகமான்னு கேட்டான், சுகம்னேன். அதோட சரி." நான் நம்பல. பயந்துபோய் மாத்திப் பேசுறான்னு நினைச்சேன். முருகன் மேல சத்தியம்னு அவ மகள் தலையில கையை வச்சா. அப்பவும் நம்பல. புத்தகத்துல போட்டிருக்கே, என் தம்பி இல்லாததை எழுதுவானான்னு கேட்டுட்டு வந்தேன். கதவைச் சாத்திக்கிட்டா. சமைஞ்ச நாள்ல இருந்து ஒண்ணா விறகு பொறுக்கினவங்க நாங்க.

அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்பு. அவ என்ன சொன்னான்னு நானே வாசிக்கணும்.

அக்கா,
திரேசா


பல்கலைக்கழக விடுதி,
11.02.2025

அன்பின் அக்காவுக்கு,

நலம். பரீட்சை நெருங்குவதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நூலின் பிரதி இப்போது கைவசம் இல்லை. பேஸ்புக் பதிவை அழித்துவிட்டேன். இனி யாரும் பார்க்க முடியாது. மல்லிகா அக்கா சொன்னதை மறந்திருக்கலாம். தண்ணீரைப் பற்றித் தோட்டத்தில் எல்லோரும் பேசுவதுதானே? கொஞ்ச நாளில் தொரையும் மறந்துவிடுவார்.

அப்பாவுக்கு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். பனியில் வெளியே உட்கார விடாதீர்கள். பயலுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
ரெஜினோல்ட்


மேல் டிவிசன்,
20.02.2025

ரெஜினோல்ட்,

சுகம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல.

ஆபிஸ் கூட்டுற ஐயாவு அண்ணன்கிட்ட கெஞ்சி, கிளாக்கர் எடுத்த பிரிண்டை ஒரு மத்தியானத்துக்கு வாங்கிட்டு வந்தேன். வாசிச்சேன். உனக்கு மறந்திருந்தா இதோ, நீ எழுதினதை உனக்கே எழுதுறேன்:

"அந்தியில் தொழிற்சாலையின் கழிவுநீரைத் திறந்துவிட்டால் ஆறு அரிசி கழுவிய தண்ணீர்போல ஓடும். என் மகனின் முதுகுச் சொறியைப் பார்த்துவிட்டு, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் நோனா பிள்ளையைக் குளிப்பாட்டுவதில்லையா என்று என்னைத்தான் கேட்டார். குளிப்பாட்டினதால்தான் வந்தது என்று சொல்ல எனக்குச் சிங்களம் தெரிந்தும் வாய் வரவில்லை." மல்லிகா, தோட்டத் தொழிலாளி, மேல் டிவிசன், நேர்முகம், 18 ஆகஸ்ட் 2024.

மல்லிகாவுக்கு ஏதுடா மகன்?

அவளுக்கு இருக்கறது ஒரே மக. இந்த லயத்துல சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கரவனெல்லைக்கு மகனைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போனது நான். அந்த டாக்டரம்மா கேட்டது என்னை. வாய் வராம நின்னது நான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நம்ம குசினியில, உனக்கு ரொட்டி தட்டிப் போட்டுக்கிட்டே சொன்னேன். நீ தின்னுக்கிட்டே கேட்டே. போன்ல ரெக்கோர்ட் பண்ணிக்கிறேன் அக்கான்னு சொன்னே, சரிடான்னேன்.

என் வயித்தெரிச்சலை எடுத்து அவ வாயில வச்சிருக்கியேடா பாவி! பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? நான் வேற அவ வாசல்ல நின்னு கத்திட்டு வந்திருக்கேன். பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவளை நம்பாம, உன் அச்சுப் புத்தகத்தை நம்பினேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு தெரிஞ்சிருந்தும் நம்பினேன்.

ஏன் செஞ்சே? காற்புள்ளியைப் பத்தி எழுதாதே. ஏன் செஞ்சேன்னு மட்டும் எழுது.

திரேசா


பல்கலைக்கழக விடுதி,
03.03.2025

அக்கா,

சுகமா இருக்கேன்னு எழுதினா அது பொய். நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இனி நம்ம பேச்சிலயே எழுதுறேன்.

முதல்ல உங்க பேரைத்தான் போட்டிருந்தேன். "என் அக்கா திரேசா கூறியது"ன்னு. மெடம் அதைச் சுத்தி வட்டம் போட்டு, "குடும்பத்தவர் சொல் ஆதாரமாகாது, சுயாதீனமான தகவலாளி தேவை"ன்னு எழுதித் திருப்பித் தந்தாங்க. மறுநாள் கொடுக்கணும். ஊருக்கு வந்து வேற யாரையும் கேக்க நேரமில்ல. "பேரு, இடம், தேதி இருந்தா யாரு தேடிப் பார்க்கப் போறா?"ன்னு ரூம்ல இருக்கற நஜீப் சொன்னான். எனக்கு அந்த நேரம் பக்கத்துக் காம்பிராதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

இன்னொண்ணும் நினைச்சேன். உங்க பேரு இருந்தா, தோட்டத்துல உங்களுக்குத்தான் கரைச்சல் வரும். அப்பாவும் பயலும் உங்களை நம்பி இருக்காங்க. அதனால எடுத்தது நல்லதுதான்னு நினைச்சேன்.

மல்லிகா அக்காவுக்கு வரும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல.

ரெஜி


மேல் டிவிசன்,
07.03.2025

ரெஜி,

அப்பா நல்லா இருக்காரு. நான் கொதிச்சுக்கிட்டு இருக்கேன்.

எனக்கு வந்தா கரைச்சல். மல்லிகாவுக்கு வந்தா அடிக்குறிப்பா?

நீ கொழும்புல பங்களாவுல பொறந்தவனா இருந்தா மன்னிப்பேன். நீ இந்த லயத்துல பொறந்தவன். கைக்காசு ஆள்னா என்ன, பேர் பதிஞ்ச ஆள்னா என்னன்னு நடை பழகும்போதே தெரிஞ்சவன். என் பேரைப் போட்டிருந்தா எனக்கு ஒரு வார்னிங் கடிதம் வந்திருக்கும், சங்கத்துக்காரன் வந்து டீ குடிச்சுட்டுப் போயிருப்பான். அவ்வளவுதான். நம்மகிட்ட இருந்த குடையைச் சுருட்டி வச்சிட்டு, குடையே இல்லாதவளை மழையில தள்ளியிருக்க. நினைக்கலியாம்! நினைக்காமலா கரெக்டா அவ பேரு வந்துச்சு? நஜீப் பேரைப் போட்டிருக்கலாமே? தொரை பேரைப் போட்டிருக்கலாமே?

உன் கடிதம் வந்த மறுநாள் ஆபிசுக்குப் போனேன். "சொன்னது மல்லிகா இல்லங்க, நான். பிள்ளை என்னோடது. கரவனெல்ல ஆஸ்பத்திரித் துண்டு இந்தா இருக்கு"ன்னேன். பெரிய கிளாக்கர் துண்டைக் கையிலயே வாங்கல. பிரிண்டைத் தூக்கிக் காட்டி, "கொலே தியென்னே மல்லிகா"ன்னு சிங்களத்துல ஒரே வார்த்தை. தாள்ல இருக்கறது மல்லிகாவாம். கூட்டாளியைக் காப்பாத்த நான் பொய் சொல்றேனாம். கெம்பஸ்ல இருந்து எழுத்துல வந்தா பார்க்கலாமாம். அவளுக்கு மகனே இல்லன்னு கத்தினேன். அது தாள்ல இல்லன்னுட்டாரு. உன் மெடமும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாங்க போல.

இந்த மாசக் கடைசியோட காம்பிராவைக் காலி பண்ணச் சொல்லி அவளுக்கு வாய்ச்சொல் வந்திருக்கு. அதுக்கு முந்தி உன் கெம்பஸ்ல இருந்து எழுத்து வரணும். நீ பொய் எழுதினேன்னு நீயே சொல்லி, அவங்க கையெழுத்துப் போட்ட எழுத்து.

என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். முதல் தடவையே நீ எழுதியிருக்க, பெரிய குற்றம்னு. இந்த லயத்துல இருந்து கெம்பஸ் போன முதல் ஆள் நீ. உன்னை அங்க அனுப்ப நானும் அப்பாவும் பட்டது எனக்கு மறக்கல. தெரிஞ்சுதான் கேக்கிறேன்.

அக்கா


மேல் டிவிசன்,
18.03.2025

ரெஜி,

பதில் இல்ல. போன் அடிச்சா எடுக்கிறதும் இல்ல.

நேத்து இருளப்பன் கங்காணி வந்து மல்லிகா காம்பிராவைச் சுத்திப் பார்த்துட்டு, அடுத்து வரப்போற குடும்பத்துக்கு ஓடு மாத்தணும்னு சத்தமாச் சொல்லிட்டுப் போறான். அவ உள்ள இருக்கும்போதே சொல்றான். அவ மக பள்ளிக்கூடத்துக்குப் போகாம பெட்டியில உடுப்பு அடுக்குது.

நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் இந்த அப்பாவையும் பயலையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி உன் கெம்பஸ் வாசலுக்கே வருவேன். பேரு, இடம், தேதி எல்லாம் நானே சொல்லுவேன்.

திரேசா


பல்கலைக்கழக விடுதி,
25.03.2025

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு எப்படி இருக்கு? அவருக்கு இன்னும் சொல்லாதீங்க. நானே வந்து சொல்றேன்.

பத்து நாள் பயந்துக்கிட்டுதான் இருந்தேன். மூணு தடவை மெடம் ரூம் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். போன வியாழக்கிழமை உள்ள போயிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். குடும்பத்தவர் சொல் ஆதாரமாகாதுன்னு நீங்கதான் சொன்னீங்கன்னும் சொன்னேன். "பொய் ஆதாரம் போடச் சொன்னேனா?"ன்னு கேட்டாங்க.

அந்தப் பாடத்துக்குப் பூச்சியம். ஒழுக்காற்று விசாரணை இருக்கு. எப்படியும் ஒரு வருசம் பின்னுக்குப் போவேன், அதுக்கு மேலயும் ஆகலாம்னாங்க. புத்தகத்துல இருந்து கட்டுரையை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு திருத்தம் போட்டிருக்காங்க. கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு. இத்தோட அனுப்புறேன், ஆபிஸ்ல கொடுங்க:

"இக்கட்டுரையில் மல்லிகா என்னும் தொழிலாளியின் கூற்றாகத் தவறுதலாகக் காட்டப்பட்டது கட்டுரையாளரின் சகோதரி திரேசாவின் கூற்றாகும். இதனால் மல்லிகாவுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

மல்லிகா அக்காவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் வச்சிருக்கேன். கொடுத்துடுங்க.

உங்க தம்பி,
ரெஜி


மேல் டிவிசன்,
06.04.2025

தம்பி ரெஜிக்கு,

மரியே வாழ்க. அப்பாவுக்குச் சுகம். பயலுக்கு ஒரு பல்லு விழுந்துருச்சு. நீ சாப்பிடாம கிடக்காதே.

சீல் வச்ச தாளைப் பார்த்ததும் கிளாக்கர் ரெண்டு கையாலயும் வாங்கினாரு. நான் கதறினப்போ ஏறாத காது, சீலுக்கு ஏறுச்சு. புதன்கிழமை பிரட்டுல மல்லிகா பேரைக் கூப்பிட்டாங்க. காம்பிரா பேச்சையும் விட்டுட்டாங்க. எனக்கு வார்னிங் கடிதம் வந்துச்சு. சங்கத்துக்காரன் வந்தான், டீ குடிச்சான், போனான். பார்த்தியா?

தண்ணியை இன்னும் விடுறாங்க. அதைப் பத்தி ஒருத்தரும் பேசல.

மல்லிகா என்னோட பேசல. மன்னிப்புக் கேக்கப் போனேன். வாசல்லயே நிக்க வச்சா. மெடம் வேற ஆள் கேட்டது, நீ குசினியில ரொட்டி தின்னுக்கிட்டே என் கதையைக் கேட்டது எல்லாத்தையும் சொன்னேன். "உன் மகன் கதைன்னு தெரிஞ்ச பிறகுதானே திரேசா நான் சொன்னது உண்மைன்னு உனக்குத் தோணுச்சு? என் பிள்ளை தலையில அடிச்சு நான் சொன்னப்போ தோணலியே"ன்னா. திரும்பி வந்துட்டேன்.

உன் மன்னிப்புக் கடிதத்தை அவ பிரிக்கல. ஆனா திருத்தத்தைக் கேட்டு வாங்கி வாசிச்சா. நேத்து ஒரு கடிதத்தை ஒட்டிக் கொண்டுவந்து, "உன் தம்பிக்கு"ன்னு சொல்லித் திண்ணையில வச்சிட்டுப் போனா. பிரிக்காம உள்ள வச்சிருக்கேன். அவ என்ன எழுதியிருந்தாலும் வாசி. ரெண்டு தடவை வாசி.

அக்கா,
திரேசா


ரெஜினோல்டுக்கு,

நானும் மகளும் சுகம். உன் சுகத்தைக் கேக்க மனசு வரல.

உன் மன்னிப்பைப் பிரிக்கல. திருத்தத்தை வாசிச்சேன். தவறுதலா போட்டியாம். கால் வழுக்கினா அது தவறுதல். நீ மேசையில உட்கார்ந்து, பேனா எடுத்து, என் பேரை எழுதி, தேதியும் போட்டிருக்க. எனக்கு அசௌகரியமாம். மூணு மாசம் என் மக அடுப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்ததுக்கு உங்க கெம்பஸ்ல அதுதான் பேரா?

திருத்தத்துலயும் என் பேரு ரெண்டு தடவை இருக்கு. பொய்யிலயும் நான், மன்னிப்புலயும் நான். ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டியா?

உன் அக்கா சொன்னது பொய் இல்ல. எனக்கும் அந்தத் தண்ணிதான். என் மகளுக்கும் சொறி வந்துச்சு, காலெல்லாம் புண்ணு. உன் அக்கா பிள்ளைக்கு வந்ததை விட மோசம். நீ பக்கத்துக் காம்பிராவுல இருந்து ரொட்டி தின்ன வாசம் எனக்கு வந்துச்சு. கதவைத் தட்டி, "மல்லிகா அக்கா, உங்களுக்கு எப்படி?"ன்னு கேட்டிருந்தா, நான் கைக்காசு ஆள், பேரைப் போடாதேன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். மெடம் கேட்ட வேற ஆளு சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

இனி உன் எழுத்துல எங்கயும் என் பேரு வரக் கூடாது. கட்டாயம் போட்டுத்தான் ஆகணும்னா, நான் என் வாயால சொன்னது இது ஒண்ணுதான். இதை மட்டும் போடு:

"அவன் என்கிட்ட கேக்கவே இல்ல."

சு. மல்லிகா,
கைக்காசுத் தொழிலாளி,
மேல் டிவிசன்,
05.04.2025